பழுதுக்குக் காரணம் உண்டு

வரலாறு என்றவுடன் கோட்டை கொத்தளங்களையும் பட்டாபிஷேகங்களையும் நினைக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக நீங்கவில்லை. ஆனால் உழைக்கும் மனிதன் கையில் ஏந்திய ஒவ்வொரு கருவிக்கும் வரலாறு உண்டு. கலப்பைக்கு உண்டு, தறிக்கு உண்டு, அச்சு யந்திரத்துக்கும் உண்டு. ஒரு கருவியை யார் செய்தார், யாருக்காகச் செய்தார், அது கெட்டபோது யார் திருத்தினார் என்னும் மூன்று வினாக்களை எழுப்பினால், ஒரு சமுதாயத்தின் நிலை பெரும்பாலும் விளங்கிவிடும். அவ்வகையில், எவரும் பொருட்படுத்தாத ஒரு கருவியைப் பற்றி இங்கு எழுத விரும்புகிறோம். அது கணினியின் விசைப்பலகை. அதிலும், இனி இயங்காது என்று ஒதுக்கப்பட்ட பழைய விசைப்பலகை.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில் விசுவமடுவைக் கடந்ததும் வரும் ஊர் உடையார்கட்டு. குளத்தை நம்பி வயல் செய்யும் மக்களின் ஊர். 2009ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள், இவ்வூரையும் சுதந்திரபுரம், வள்ளிபுனம், தேவிபுரம் ஆகிய அயலூர்களையும் உள்ளடக்கிப் பாதுகாப்பு வலயம் ஒன்றினை அரசாங்கம் அறிவித்தது. பாதுகாப்புப் பெயரளவிலேயே இருந்தது. எறிகணைகள் வலயத்துக்குள்ளும் வீழ்ந்தன. உடையார்கட்டில் இயங்கிய மருத்துவமனையும் தப்பவில்லை. மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்தனர். சுமக்கக்கூடியதைச் சுமந்தனர், சுமக்க இயலாததைக் குழி தோண்டிப் புதைத்தனர்.

அவ்வாறு புதைத்துவிட்டுப் போனவர்களுள் ஆசிரியை ஒருவரும் இருந்தார். மே மாதத்தில் போர் முடிந்தது. முகாம் வாழ்க்கையும் முடிந்து அவர் திரும்பி வந்தபோது வீடு இல்லை. வளவின் மூலையில் பொலித்தீன் சுற்றிப் புதைத்த தகரப்பெட்டி மட்டும் இருந்தது. அப்பெட்டியினுள் கிடந்ததுதான் நாம் குறிப்பிடும் விசைப்பலகை. சமாதான காலத்தில், 2003ஆம் ஆண்டளவில், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்த பழங்கணினியின் உறுப்பு அது. ஆங்கில எழுத்துப் பொறித்த ஒவ்வொரு விசையின்மேலும் தமிழெழுத்து எழுதிய சிறு கடதாசித் துண்டை ஆசிரியை தம் கையாலேயே ஒட்டியிருந்தார். ஈரமும் மண்ணும் புகுந்த அப்பலகையைப் பல ஆண்டுகளுக்குப் பின்னர் எம்மிடம் காட்டி, "இது செத்துப்போச்சு" என்றார்.

செத்துப்போச்சு என்னும் சொல்லைக் கேட்டு நாம் சற்றுத் தயங்கினோம். உயிருள்ளவை சாகும். யந்திரம் சாவதில்லை, பழுதுபடும். பழுதுக்குக் காரணம் உண்டு. காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். இது சிறிய உண்மை போலத் தோன்றும். எனினும், அழிவையே விதியென்று ஏற்கப் பழக்கப்பட்ட ஒரு மண்ணில் இவ்வுண்மையின் பெறுமதி சிறிதன்று.

துப்பாக்கி ஆலையும் தையல் யந்திரமும்

விசைப்பலகையின் மூதாதை தட்டெழுத்துப் பொறி. அமெரிக்காவைச் சேர்ந்த கிறிஸ்தோபர் லேதம் ஷோல்ஸ் என்பவரும் அவருடைய நண்பர்களும் 1868இல் அதற்குக் காப்புரிமை பெற்றனர். அதனைச் சந்தைக்குரிய பண்டமாக உற்பத்தி செய்தவர்களோ துப்பாக்கி முதலாளிகளான ரெமிங்டன் நிறுவனத்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்துவிட்டது. துப்பாக்கிக்குக் கேட்பு குறைந்தது. ஆலையின் யந்திரங்களுக்கு வேறு வேலை தேவைப்பட்டது. அந்நிறுவனத்தின் தையல் யந்திரப் பகுதியிலேயே புதிய பொறி உருவாயிற்று. 1874இல் விற்பனைக்கு வந்த முதற்பொறியில் தையல் யந்திரத்தைப் போலவே பூ வேலைப்பாடும் கால்மிதியும் இருந்தன என்றால், அதன் பிறப்பிடத்தைத் தேடி அலையவேண்டியதில்லை. கொல்லும் கருவியைச் செய்த கைகளே எழுதும் கருவியையும் செய்தன. உற்பத்திச் சக்திகள் தம்மளவில் நல்லவையுமல்ல, தீயவையுமல்ல. எவர் கையில், எத்தேவைக்காக அவை இயங்குகின்றன என்பதே கேள்வி.

இன்று நம் கணினியில் காணும் ஆங்கில எழுத்து வரிசை ஏறத்தாழ அப்பொறியின் வரிசையே. உலோகக் கைகள் மறைந்தன. மை நாடா மறைந்தது. வரிசை மட்டும் நிலைத்துவிட்டது. ஒரு தலைமுறையின் விரல்கள் பழகிக்கொண்டதை அடுத்த தலைமுறை எளிதிற் கைவிடுவதில்லை. இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய நியதியன்று. தமிழுக்கும் பொருந்துவதைப் பின்னர்க் காண்போம்.

சுண்டுக்குளியிலிருந்து திரெஸ்டன் வரை

பிரித்தானிய ஆட்சியின்போது யாழ்ப்பாணம் ஏற்றுமதி செய்த பண்டங்களில் புகையிலைக்கு அடுத்ததாக எழுதுவினைஞர்களைக் குறிப்பிடலாம். மிசன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்ற இளைஞர்கள் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் தோட்டக் கந்தோர்களிலும் வர்த்தக நிலையங்களிலும் எழுத்து வேலைக்குச் சென்றனர். சாம்ராச்சியத்தின் கணக்கையும் கடிதத்தையும் அவர்களுடைய விரல்கள் ஆங்கிலத்தில் தட்டிக்கொண்டிருந்தன. தாய்மொழியில் ஒரு கடிதம் அடிக்க அவர்களிடம் பொறி இல்லை. குடியேற்ற ஆட்சிக்குத் தமிழ்ப் பொறி தேவைப்படவுமில்லை.

அந்த எழுதுவினைஞர் கூட்டத்திலிருந்து வந்தவரே 1886இல் சுண்டுக்குளியிற் பிறந்த இராமலிங்கம் முத்தையா. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று உழைத்த அவர், தமிழுக்கென ஒரு தட்டெழுத்துப் பொறியை வகுக்கும் வேலையில் ஈடுபட்டார். பிரச்சினை எளியதன்று. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துக்கள் ஒரு பக்கம். ஒவ்வொன்றிலும் இரண்டு குறிகள் மட்டுமே ஏற்கும் நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட விசைகள் மறு பக்கம். எழுத்தையெல்லாம் பலகையில் ஏற்ற முடியாது. எழுத்தின் உறுப்புக்களைப் பிரித்து, பொதுவான உறுப்புக்களை ஒருமுறை மட்டும் வைத்து, தட்டுபவரின் விரலே அவற்றைச் சேர்க்குமாறு செய்தல் வேண்டும்.

இங்கேதான் ஒரு நுட்பம் உதவிற்று. சாதாரணமாக விசையை அழுத்தியவுடன் கடதாசி தாங்கிய உருளை ஓரிடம் நகரும். ஆனால் புள்ளியும் விசிறியும் எழுத்தின் தலைமேல் அமர்பவை. ஆகவே அவற்றுக்குரிய விசைகளை அழுத்தும்போது உருளை நகராதிருக்கவேண்டும். புள்ளியை முதலில் அடிப்பர். உருளை அங்கேயே நிற்கும். பின்னர் மெய்யை அடிப்பர். இரண்டும் ஒன்றன்மேலொன்றாய்ப் பதிந்து ஓரெழுத்தாகும். இவ்வாறு நகராத விசையை ஆங்கிலத் தொழிற்சொல் 'செத்த விசை' என்று குறிக்கிறது. அந்தச் செத்த விசையில்லாவிடின் தட்டெழுத்தில் தமிழ்மெய்க்குப் புள்ளி இல்லை.

முத்தையாவின் திட்டம் ஜெர்மனியின் திரெஸ்டன் நகரிலுள்ள சைடல் – நௌமான் ஆலையில் யந்திர வடிவம் பெற்றது. அவ்வாலையும் தையல் யந்திரமும் துவிச்சக்கரவண்டியும் செய்து வளர்ந்த ஆலையே. 'பிஜோ' என்னும் பெயரில் அங்கிருந்து வந்த கையடக்கப் பொறிகள் தமிழ் தட்டின. 1945 பெப்ரவரியில் திரெஸ்டன் குண்டுவீச்சில் எரிந்தது. போருக்குப் பின்னர் கிழக்கு ஜெர்மனியின் அரசுடைமை ஆலை 'எரிக்கா' தட்டெழுத்துப் பொறிகளைத் தொடர்ந்து செய்தது. எரிந்த நகரம் மீண்டும் எழுதும் கருவி செய்தது என்பதை உடையார்கட்டிலிருந்து எண்ணிப் பார்க்கும்போது நமக்கு ஒரு தெம்பு பிறக்கிறது.

ஆனால் பொறி வந்துவிட்டதனால் உரிமை வந்துவிடுவதில்லை. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் இலங்கையின் அரச கரும மொழியாக்கியது. தமிழ்த் தட்டெழுத்து கற்ற எத்தனையோ இளைஞருக்கு அரச கந்தோரின் கதவு அதனால் ஒடுங்கிற்று. 1987இல் நிறைவேறிய 13ஆம் திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்றது. சட்டப் புத்தகத்தில் ஏறிய மொழி கந்தோர் மேசையில் ஏறுவதற்குத் தட்டுபவரும் வேண்டும், பொறியும் வேண்டும், அப்பொறி பழுதுபட்டால் திருத்துபவரும் வேண்டும். மொழியுரிமை பற்றிப் பேசுவோர் இம்மூன்றாம் தேவையை அநேகமாக மறந்துவிடுகின்றனர்.

ஒரே செருகி, இரண்டு பேச்சு

1981 ஆகஸ்ட்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாட் கணினியை வெளியிட்டது. அதனுடன் வந்த விசைப்பலகையில் 83 விசைகள் இருந்தன. பலகைக்குள்ளேயே தனியாக ஒரு சிறு நுண்செயலி அமர்ந்திருந்தது. எந்த விசை அழுத்தப்பட்டது, எது விடப்பட்டது என்பதை அச்சில்லு ஓர் எண்ணாக மாற்றிக் கம்பிவழி அனுப்பும். பலகைக்கும் கணினிக்கும் இடையே நான்கு கம்பிகளே போதும்: 5 வோல்ற்று மின்னழுத்தம் கொணர்வது ஒன்று, நிலக்கம்பி ஒன்று, செய்தி செல்வது ஒன்று, அச்செய்திக்குத் தாளம் போடுவது ஒன்று.

1984இல் அந்நிறுவனம் அடுத்த கணினியை வெளியிட்டபோது பலகையின் பேச்சு முறையை மாற்றியது. முன்னைய பலகை பேச மட்டுமே செய்யும். புதிய பலகை கணினி சொல்வதைக் கேட்கவும் செய்யும். மூன்று சிறு விளக்குகளும் சேர்ந்தன. ஆனால் ஐந்து ஊசிச் செருகி மட்டும் மாறவில்லை. எனவே பழைய பலகையைப் புதிய கணினியிற் செருகலாம். செருகி கச்சிதமாய்ப் பொருந்தும். ஒரு சொல்லும் விளங்காது. பலகையும் நல்லது, கணினியும் நல்லது. ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியவில்லை. அறியாதவர் பலகை செத்துவிட்டது என்றே முடிவு கட்டுவர். இக்குழப்பத்தைத் தவிர்க்கப் பிற உற்பத்தியாளர் பலர் பலகையின் அடியில் ஒரு சிற்றாளியை வைத்தனர். ஆளியை ஒரு பக்கம் தள்ளினால் பழைய பேச்சு. மறு பக்கம் தள்ளினால் புதிய பேச்சு. ஆசிரியையின் பலகை அவ்வகையினது.

1986இல் 101 விசைப் பலகை வந்தது. அக்காலம் முதலே செலவைக் குறைக்கும் போக்கு வலுத்தது. தனித்தனி ஆளிகளுக்குப் பதிலாக மூன்று பிளாஸ்ரிக் படலங்களை ஒன்றன்மேலொன்றாய் அடுக்கி, அவற்றின்மேல் வெள்ளிக் குழம்பால் கோடுகளை அச்சிட்டு, விசை அழுத்தும்போது கோடும் கோடும் தொடும்படி செய்தனர். மலிவு பெருகியதால் எளியவர்க்கும் கருவி கிட்டியது; இதனை மறுப்பதற்கில்லை. ஆனால் திருகாணிக்குப் பதிலாக உருக்கி ஒட்டிய பிளாஸ்ரிக் முளைகள் வந்தன. திறக்க முடியாத பொருள், திருத்தத் தேவையில்லாத பொருளாகக் கருதப்பட்டது. கெட்டால் எறி, புதிது வாங்கு என்பது வியாபாரத்தின் அறமாயிற்று. ஐக்கிய நாடுகள் அமைப்பின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் எறியப்பட்ட மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன்; அதில் முறைப்படி சேகரித்து மீட்கப்பட்டது நாலில் ஒரு பங்கும் இல்லை.

இல்லாமை கற்பித்த பாடம்

எறிந்துவிட்டுப் புதிது வாங்குதல் என்னும் பாடத்தை வன்னி மக்கள் என்றும் கற்றதில்லை. கற்க வசதி இருக்கவுமில்லை. 1990 முதல் வடக்கே செல்லும் பொருள்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. எரிபொருள், சீமெந்து, இரும்பு, பசளை, பற்றரி என்று பட்டியல் நீண்டது. ஆயுதத்துக்கு உதவும் என்ற காரணம் கூறித் தடுக்கப்பட்ட பற்றரி, ஒரு மாணவனின் வானொலியை ஊமையாக்கிற்று. மின்கம்பங்கள் நின்றன; மின்சாரம் வரவில்லை.

மக்கள் என்ன செய்தனர்? துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோவின் மின்னோட்டத்தில் மற்றவர்கள் செய்தி கேட்டனர். பெற்றோல் சில துளிகளால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயால் மோட்டார் சைக்கிள் ஓட்டினர். ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்டு, அவ்வொளியில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். இவற்றை வீரக்கதைகளாகப் பாடுவது எமது நோக்கமன்று. இல்லாமை பெருமைக்குரிய பொருளும் அன்று; அது மக்கள்மேல் சுமத்தப்பட்ட அநீதி. எனினும் அந்நிலையில் ஓர் அறிவு வளர்ந்தது. ஒவ்வொரு பொருளையும் பிரித்துப் பார்க்கலாம், அதன் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில் உண்டு, அத்தொழிலை வேறொன்றாலும் செய்விக்கலாம் என்னும் அறிவே அது. பட்டறையிலும் வரம்பிலும் வளர்ந்த இவ்வறிவு எந்தப் பாடநூலிலும் ஏறவில்லை. 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ–9 பாதை திறந்தபின்னரே பழங்கணினிகள் வன்னிக்கு வரத் தொடங்கின. 2006 ஆகஸ்ட்டில் பாதை மீண்டும் மூடப்பட்டது. இடையிற் கிடைத்த அந்த நாலாண்டுகளின் எச்சமே ஆசிரியையின் பலகை.

மூன்று பழுதுகள்

ஊர் மாணவர் சிலருடன் அமர்ந்து அப்பலகையைச் சோதிக்கத் தொடங்கினோம். முதலாவது விதி: எதனையும் கழற்றுவதற்கு முன்னர் பார்க்கவேண்டும். ஐந்து ஊசிச் செருகி இக்காலக் கணினிகளிற் பொருந்தாது. ஆறு ஊசிச் சிறு துளை உள்ள பழைய மேசைக் கணினி ஒன்றைத் தேடி, இடையிணைப்பு ஒன்றால் பலகையைப் பொருத்தினோம். ஆளியைப் போட்டால் பலகையின் மூன்று விளக்குகளும் ஒரு கணம் மின்னி அணையவேண்டும். பலகையினுள்ளிருக்கும் சில்லு தன்னைத் தானே சோதித்துக்கொண்டது என்பதற்கு அது அடையாளம். விளக்குகள் மின்னவில்லை.

மின்னாவிடின் மின்னோட்டம் உள்ளே சேரவில்லை என்று ஐயுறலாம். செருகியின் முனையில் பல்மானி 5 வோல்ற்றைக் காட்டியது. பலகையினுள் கம்பி முடியும் இடத்திலோ ஒன்றுமில்லை. ஆகவே குற்றம் இடைவழியில். வடம் பலகைக்குள் நுழையும் வளைவில், மேலுறை நன்றாயிருக்க, உள்ளே செப்புக் கம்பி அறுந்திருந்தது. பல்லாண்டு வளைந்து நிமிர்ந்த இடத்தில்தான் கம்பிகள் பெரும்பாலும் அறும். அவ்விடத்தை வெட்டி நீக்கி, கம்பிகளைச் சுரண்டிப் பற்றாசு வைத்தோம். விளக்குகள் மின்னின. மாணவர்கள் கைதட்டினர்.

கைதட்டல் அடங்குமுன் ஏமாற்றம் வந்தது. எவ்விசையை அழுத்தினும் திரையில் ஓரெழுத்தும் தோன்றவில்லை. உயிர் இருக்கிறது, பேச்சில்லை. பலகையைத் திருப்பிப் பார்த்தோம். மண்ணைத் தட்டித் துடைத்தபோது அடியிலிருந்த சிற்றாளி பழைய பேச்சின் பக்கம் நகர்ந்திருந்தது. மறு பக்கம் தள்ளியதும் எழுத்துக்கள் வந்தன. இரண்டாவது பழுது பழுதே அன்று, மொழி வேறுபாடு. ஆளியைத் தேடிப் பாராமல் பலகையைக் குப்பையில் எறிந்திருந்தால் அதனைச் சாகடித்தவர்கள் நாமே ஆகியிருப்போம்.

மூன்றாவது பழுது நுட்பமானது. பெரும்பாலான விசைகள் பேசின. சில விசைகள் மட்டும் மௌனம் சாதித்தன. அவை அடுத்தடுத்து இருக்கவுமில்லை. இதன் காரணத்தை மாணவர்க்கு விளக்க நாம் எடுத்துக்கொண்ட உவமை அவர்களுடைய ஊர்க்குளமே. நூற்றொரு விசைக்கு நூற்றொரு கம்பி இழுப்பதில்லை. குறுக்கே 8 கோடு, நெடுக்கே 16 கோடு போட்டால் 128 சந்திப்புக்கள் கிடைக்கும். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு விசையை வைக்கலாம். குளத்து வாய்க்கால்களும் வயல்களும் போலத்தான். ஒரு வயல் மட்டும் காய்ந்தால் குற்றம் அவ்வயலின் மடையில். பல வயல்கள் ஒன்றாகக் காய்ந்தால், அவை எல்லாவற்றுக்கும் பொதுவான வாய்க்காலைப் பார்க்கவேண்டும். மௌன விசைகளின் பட்டியலை எழுதி, படலத்திலுள்ள கோடுகளோடு ஒப்பிட்டோம். அவை யாவும் ஒரே கோட்டில் தொங்கின. அக்கோடு படலத்தின் ஓரத்தில், ஈரம் தங்கிய ஓரிடத்தில், கறுத்து அரிக்கப்பட்டிருந்தது. அறுந்த நீளம் ஒரு நெல்மணியளவு.

பிளாஸ்ரிக் படலத்தில் பற்றாசு வைக்க இயலாது, சூட்டில் உருகிவிடும். மோட்டார் வாகனத்தின் பின்கண்ணாடியிலுள்ள வெப்பக் கோடுகளைத் திருத்தப் பயன்படும் வெள்ளிக் குழம்பு சிறிது கிடைத்தது. இடத்தை மதுசாரத்தால் துடைத்து, ஈர்க்குமுனையால் குழம்பைத் தொட்டு வைத்து, ஓரிரவு காயவிட்டோம். மறுநாள் அவ்வரிசை பேசியது. ஒரே ஒரு விசை மட்டும் துருவேறி, இன்றுவரை இரண்டு முறை அழுத்தினால்தான் கேட்கிறது. அதனை மறைக்க வேண்டியதில்லை. திருத்தம் என்பது புதிதாக்குதல் அன்று.

வயலில் நீர்வழியைத் தேடிப் பழகிய ஒரு மாணவனே, நாம் சொல்லுமுன் அரிப்பு இருந்த இடத்தைச் சுட்டிக் காட்டினான் என்பதையும் இங்குப் பதிவுசெய்தல் வேண்டும்.

பட்டியலின் எழுத்து

பலகை பேசிய அன்று ஆசிரியை ஓர் இறுவட்டைக் கொண்டுவந்தார். சமாதான காலத்தில் அக்கணினியில் தட்டிய வகுப்புப் பெயர்ப் பட்டியலின் பிரதி அது. யாழ்ப்பாணத்து உறவினரிடம் இருந்ததனால் தப்பியது. இறுவட்டு திறந்தது, பட்டியல் திறந்தது, ஆனால் திரையில் தமிழில்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமே வரிவரியாய் நின்றன.

இங்கு என்ன நேர்ந்தது? தமிழுக்குத் தனி எண்கள் பரவுமுன்னர், ஆங்கில எழுத்துக்குரிய எண்ணையே வைத்துக்கொண்டு, அதன் உருவத்தை மட்டும் தமிழாக வரைந்த எழுத்துருக்கள் வழங்கின. இலங்கையில் பெருவழக்குப் பெற்ற 'பாமினி' அவ்வகையினது. அதன் விசை ஒழுங்கு பழைய தட்டெழுத்துப் பொறியின் வழி வந்தது. 'தமிழ்' என்று எழுத ஜே, கே, பி, ஓ ஆகிய ஆங்கில விசைகளையும் அரைப்புள்ளியையும் தட்டவேண்டும். பாமினி கணினியில் இருக்குமட்டும் கண்ணுக்குத் தமிழ் தெரியும். இல்லாவிடின் ஜேயும் கேயுமே எஞ்சும். 1991இல் வந்த யுனிகோடு தமிழுக்கென 128 இடங்களை ஒதுக்கியது. 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெற் மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு தமிழ்99 பலகையை ஏற்றது. 2008இல் இலங்கை தன் நியமத்துக்குத் தட்டெழுத்து மரபையொட்டிய ரெங்கநாதன் பலகையைத் தெரிந்தது. நியமங்கள் வந்தன. நியமம் வருமுன் எழுதியோரின் எழுத்து இடைவழியில் நின்றுவிட்டது.

அப்போதுதான் பலகையின் இன்னொரு பயன் விளங்கிற்று. ஆசிரியை ஒட்டிய கடதாசித் துண்டுகள் விசைகளின்மேல் இன்னும் இருந்தன. ஒரே விசையில் கீழே ஆங்கில எழுத்து, மேலே தமிழெழுத்து. அந்தப் பலகையே அகராதி! மாணவர்கள் திரையின் எழுத்தையும் விசையின் எழுத்தையும் மாறிமாறிப் பார்த்து முதற்பெயரைக் கையாற் படித்தனர். 'கொ' என்னும் எழுத்தில் சற்றுத் தடுமாறினர். பாமினியில் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் கொம்பை முதலில் தட்டுவர். யுனிகோடு காதுக்குக் கேட்கும் ஒழுங்கில் மெய்யை முதலில் வைக்கும். இவ்வேறுபாடு புரிந்தபின் தடையில்லை. எஞ்சிய பட்டியலை மாற்றுவதற்கு இலவச மாற்றிகள் உண்டு, அவற்றையே பயன்படுத்தினோம். ஆனால் மாற்றி என்ன செய்கிறது என்பதை அறிந்த பின்னரே பயன்படுத்தினோம்.

ஆசிரியை பெயர்களை உரக்க வாசித்தார். வகுப்பு இடாப்பைக் கூப்பிடும் அதே குரல். சில பெயர்களில் நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்று எவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

அப்பெயர்கள் அச்சிட்ட எந்த நூலிலும் இல்லை. பாடசாலையின் இடாப்புக்கள் எரிந்துவிட்டன. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் 97,000 நூல்கள் எரிந்ததை நாம் நினைவுகூர்கிறோம்; நினைவுகூரவும் வேண்டும். ஆயினும் நெருப்பு மட்டுமே எழுத்தை அழிப்பதில்லை. அறுந்த கம்பி ஒன்று, நகர்ந்த ஆளி ஒன்று, வழக்கொழிந்த எழுத்துரு ஒன்று, இவற்றை ஆராய்ந்து பாராத அலட்சியம் ஒன்று – இவையும் அழிக்கும். 2005இலிருந்து நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் எண்ணிமப்படுத்திப் பொதுவில் வைத்து வருவது போல, இத்தகைய சிறு பட்டியல்களும் கடிதங்களும் மீட்கப்படவேண்டும். அது பெரிய நிறுவனங்களால் மட்டும் ஆகும் காரியமன்று. ஒவ்வொரு ஊரிலும் ஓர் அலுமாரியின்மேல் ஏதோவொன்று கிடக்கிறது.

ஆசிரியர்களே, மாணவர்களே! விஞ்ஞானத்தைப் பரீட்சைக்குரிய பாடமாக மட்டும் கற்பித்தும் கற்றும் வருகிறோம். மின்சுற்று வரையத் தெரிந்த மாணவன் வீட்டு விளக்கு அணைந்தால் அயலவரைத் தேடுகிறான். பல்மானி ஒன்று, பற்றாசுக்கோல் ஒன்று, திருகாணிச் சாவிகள் சில – இவற்றோடு ஒரு திருத்துமேசையை நமது வாசிகசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் ஏன் அமைக்கக்கூடாது? திறமை கொண்ட தொழிலாளர் நம்மிடையே உளர். வானொலி திருத்தியவர், நீர்ப்பம்பி திருத்தியவர், டைனமோவில் செய்தி கேட்கச் செய்தவர் இன்னும் உளர். அவர்களுடைய அறிவு அவர்களோடு போய்விடாமல் எழுத்தில் ஏறவேண்டும். 2022இல் நாடு கடன் செலுத்த இயலாது என்று கைவிரித்தபோது, புதிது வாங்கும் பொருளாதாரம் எத்துணை வலுவற்றது என்பதைத் தெற்கிலுள்ள மக்களும் கண்டனர். திருத்தும் அறிவு வடக்குக்கும் தெற்குக்கும் பொதுவான தேவை.

பலகை இப்போது பாடசாலையில் இருக்கிறது. அதன் அடியில் மாணவர்கள் ஒரு கடதாசி ஒட்டியுள்ளனர். எந்த இடத்தில் கம்பி அறுந்தது, ஆளி எப்பக்கம் இருக்கவேண்டும், எந்தக் கோடு அரிக்கப்பட்டது, எந்த விசையை இரண்டு முறை அழுத்தவேண்டும் என்பன அதில் எழுதப்பட்டுள்ளன. அடுத்த முறை பழுதுபடும்போது திருத்தப்போகிறவருக்கு அது உதவும்.